தண்டனை தீர்ந்தது, கடன் தீர்ந்ததா?



அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் வசிக்கும் ஒருவனை வைத்துக்கொள்வோம். கலியாண விருந்தொன்றில் அளவு மிஞ்சிக் குடித்துவிட்டுத் தானே காரை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பினான். வழியில் போலீசார் மறித்தனர். நல்லவேளை, யாரும் அடிபடவில்லை. நீதிமன்றத்தில் குற்றம் ரூபிக்கப்பட்டது. அபராதம் கட்டினான், லைசென்ஸை இழந்து பஸ்ஸில் அலைந்தான், குடியின் கேட்டைப் பற்றிய வகுப்புக்கும் தவறாமல் போனான். எல்லாம் முடிந்து இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வாசலில் போய் நின்றால், முன்பு கட்டியதைவிட வெகு அதிகமான தொகையைக் கேட்கிறார்கள். "சட்டம் கொடுத்த தண்டனையை அனுபவித்துவிட்டேன். ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனையா? இது நியாயமா?" என்கிறான்.

அவன் கேள்வியைத் தட்டிவிடலாகாது. முதலில் அங்குள்ள ஏற்பாட்டைப் பார்ப்போம். இன்ஷூரன்ஸ் உண்டு என்று கம்பெனியே அரசாங்கத்துக்கு அனுப்பும் எஸ்.ஆர்.-22 என்னும் அத்தாட்சி இருந்தால்தான் அவனுக்கு லைசென்ஸ் திரும்பும். பொதுவாக 3 வருஷம் அது நீடிக்கவேண்டும். நடுவில் பணம் கட்டாமல் விட்டால் கம்பெனி தெரிவித்துவிடும், லைசென்ஸ் மறுபடி போய்விடும். 1988-ல் அம்மாநில மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய சட்டம், ஒழுங்காக ஓட்டுகிறவர்களுக்கு நூற்றுக்கு 20 சலுகை தருகிறது. குடித்து ஓட்டித் தண்டனை பெற்றவனுக்கு அந்தச் சலுகை 10 வருஷம் கிடையாது.

இது இரண்டாம் தண்டனையா? அல்ல என்றே சொல்லவேண்டும். நீதிபதி பார்ப்பது நடந்துபோன குற்றத்தை. கம்பெனி பார்ப்பது நாளை நேரக்கூடிய ஆபத்தை. இன்ஷூரன்ஸ் என்பது பலர் சேர்ந்து பணம் போடும் பொதுப் பெட்டி. இவனால் கூடும் ஆபத்தின் கிரயத்தை இவன் கொடாவிட்டால் வேறொருவர் கொடுத்தாகவேண்டும். ஒரு துளியும் தொடாமல் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் ஏழை விதவை அதைக் கொடுக்கட்டும் என்பீர்களா?

அந்த அச்சம் வீண் அச்சமும் அல்ல. 1980-ல் அதே கலிபோர்னியாவில் தெருவோரம் நடந்துபோன 13 வயதுச் சிறுமியைக் குடிகாரன் ஒருவன் காரால் மோதிக் கொன்றான். அவன் ஏற்கெனவே குடித்து ஓட்டியதற்காகத் தண்டனை பெற்றவன். குடித்து ஓட்டுவதை எதிர்க்கும் தாய்மார் சங்கத்தை அச்சிறுமியின் தாய் அவ்வருஷமே தொடங்கினாள்.

ஆனாலும் கம்பெனி இஷ்டம்போல் பறிக்கலாம் என்பதல்ல. ஆபத்துக்கு ஏற்ற கிரயம் நியாயம். இடுக்கண்ணில் இருப்பவனிடம் அதற்குமேல் கறப்பது அநியாயம். வருஷங்கள் கழிந்து அவன் ஒழுங்காக ஓட்டியது தெரிந்தபின் பாரம் இறங்கவேண்டும். இன்ஷூரன்ஸ் கட்டாயம் என்று ஆணையிடும் அரசாங்கம், அதை வாங்க ஒரு வாசலையும் திறந்துவைக்கக் கடமைப்பட்டது. எந்தக் கம்பெனியும் தானாக ஏற்காதவர்களைக் கம்பெனிகளுக்குள் பங்கிட்டு ஒப்படைக்கும் திட்டம் அங்கே உண்டு. விலை அதிகமானாலும் வாசல் அடைபடவில்லை. வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றவேண்டியவனுக்கு அது பெரிய காரியம்.

இனி மனச்சாட்சியின் காரியம். "தண்டனையைச் சொல்லாமல் மறைத்தால் என்ன? காரைத் தம்பி பேரில் எழுதி நான் ஓட்டினால் என்ன?" என்று சோதனை வரும். இன்ஷூரன்ஸ் வாக்கு நம்பிக்கையின் மேல் நிற்பது. பொய் சொல்லி வாங்கிய பாலிசியைக் கம்பெனி ரத்துசெய்ய இடமுண்டு. அப்போது நஷ்டம் யாருக்கு? அவனுக்கு மட்டுமல்ல, அவன் கார் மோதிக் காலொடிந்து கிடக்கும் வழிப்போக்கனுக்கும்தான். கட்டாய இன்ஷூரன்ஸ் முக்கியமாய் அந்த வழிப்போக்கனுக்காகவே ஏற்பட்டது. 2025 ஜனவரி முதல் கலிபோர்னியாவில் ஒருவரின் காயத்துக்கோ மரணத்துக்கோ குறைந்தது 30,000 டாலருக்குப் பொறுப்பேற்கவேண்டும். அதற்கு முன் 15,000 டாலர்தான். பெரிய ஆஸ்பத்திரிச் செலவுக்கு அதுவும் எம்மாத்திரம்! அதையும் பொய்யால் கெடுப்பது அந்நியனின் ஊன்றுகோலைத் திருடுவதாகும்.

"உண்மை சொன்னவன் அதிகம் கட்டுகிறான், பொய்யன் தப்புகிறானே!" என்பீர்கள். மெய்தான். ஆனால் பொய்யன் ஒவ்வொரு முறை காரை எடுக்கும்போதும் தெருவில் போகிற எல்லாரையும் பணயம் வைத்தே தப்புகிறான். அப்படித் தப்புவதை ஆதாயமென்று யார் சொல்வார்?

வாசகரே, மன்னிப்பு வேறு, நம்பிக்கை வேறு. மன்னிப்பை ஒரு நொடியில் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். நம்பிக்கையோ நாள்பட வளர்வது. திருந்தியவனை நாம் வெறுக்கலாகாது. அவனும், மன்னித்தீர்களே, இன்றே சாவியைத் தாருங்கள் என்று கேட்கலாகாது. மாதந்தோறும் கட்டும் அதிகப் பணத்தை அவமானமாக எண்ணாமல், தான் ஆபத்துக்குள்ளாக்கிய அயலானுக்குச் செய்யும் பரிகாரமாக எண்ணிக் கட்டுவானாகில், அந்த 3 வருஷமும் அவனுக்கு நஷ்டமாகாது.

நமக்கும் ஒரு வார்த்தை. விருந்தில் "இன்னும் ஒரு கிளாஸ்" என்று ஊற்றிக்கொடுத்தவர் பேர் எந்த நீதிமன்றப் பதிவிலும் இராது. எந்தக் கம்பெனியும் அவரிடம் அதிகத் தொகை கேட்காது. அடுத்த விருந்தில் ஊற்றுமுன் விருந்தாளியின் கார்ச் சாவியைக் கேட்டு வாங்கி வைப்போம்.