புகை என்கிற ஏது

நம் தர்க்க நூல்களில் ஒரு மலை உண்டு. அதன்மேல் எப்போதும் புகை. புகை தெரிவதால் நெருப்பு இருக்கிறது என்று அனுமானிப்பதற்காகவே நிற்கிற மலை அது. வேறு உபயோகம் அதற்கு இல்லை. மணிமேகலை தருமம் கேட்கிற இடத்தில்கூட இந்த மலையும், திருஷ்டாந்தமாக அடுக்களையும் வந்துவிடுகின்றன. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இதன் மறுபுறம். நெருப்பு இருப்பதால் புகை இருக்கும் என்று திருப்பிச் சொல்ல முடியாது. பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு உண்டு, புகை இல்லை. அப்படியானால் புகை எதனால் வருகிறது? ஈர விறகின் சேர்க்கையால் என்கிறது 17-ம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் எழுதிய தர்க்க ஸங்க்ரஹம். அதற்கு உபாதி என்று பெயர். மாணவர்கள் இதை ஒப்பித்துவிட்டு அடுத்த சூத்திரத்துக்குப் போய்விடுவார்கள். ஈர விறகு ஒருவன் கைக்கு ஏன் வந்து சேர்ந்தது என்று விசாரிப்பது தர்க்கத்தின் வேலையில்லை. ஒழுக்கவியலின் வேலையாக இருக்கலாம்.

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. இங்கிலாந்தில் கிராண்ட் யூனியன் கால்வாயில், படகையே வீடாகக் கொண்ட ஒரு நண்பருடன் ஒரு ஜனவரியில் சில வாரங்கள் இருந்தேன். ஏழடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். ரயில் பெட்டியைப்போல நீளம். இரும்புத் தகட்டுச் சுவர். வெளியே உறைபனி என்றால் உள்ளே சுவரெல்லாம் வியர்க்கும். முன்புறம் முழங்கால் உயரத்தில் வார்ப்பிரும்புக் கணப்பு அடுப்பு ஒன்று. அது அணைந்தால் அரை மணி நேரத்தில் படகு மறுபடி ஒரு இரும்புப் பெட்டியாகிவிடும். இதில் ரொமான்ஸ் எதுவும் இல்லை. 1944-ல் எல்.டி.ஸி. ரோல்ட் 'நாரோ போட்' எழுதியதிலிருந்து இந்த வாழ்க்கைக்கு ஒரு மயக்கம் ஏற்பட்டுவிட்டது. கால்வாய்களைக் காப்பாற்றியதில் அந்த மயக்கத்துக்குப் பங்கு உண்டு என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் என் நண்பர் படகுக்கு வந்தது லண்டன் வாடகை கொடுக்க முடியாததால்.

அடுப்பில் எதைப் போடுவது? படகுக்காரர்கள் சந்தித்தால் இதைத்தான் பேசுகிறார்கள், நம் ஊரில் மழையைப் பற்றிப் பேசுவதுபோல. விறகு சீக்கிரம் பற்றும், சீக்கிரம் தீரும். மணிக்கொருதரம் எழுந்து கட்டை போடவேண்டும். அது தன் சாம்பல் மெத்தைமேலேயே படுத்து, மேலிருந்து வரும் காற்றில் எரியும். நிலக்கரிக்கு அடியிலிருந்து காற்று வேண்டும், கம்பித் தட்டு வேண்டும், சாம்பலைத் தட்டி இறக்கவேண்டும். அந்த்ரஸைட் பற்றவைக்கப் பொறுமை கேட்கும். பற்றிவிட்டால் இரவு முழுவதும் கனலும். அதன் தூளை ஒட்டும் பொருளோடு சேர்த்து முட்டை வடிவில் அழுத்திச் செய்கிற புகையில்லாக் கரிக்கட்டிகளைத்தான் பெரும்பாலானவர்கள் குளிர்காலத்தில் மூட்டையாக வாங்குகிறார்கள். கால்வாயிலேயே எரிபொருள் படகு வந்து கூரைமேல் இறக்கிவிட்டுப் போகும். சில கட்டிகளில் பெட்ரோலியக் கோக் கலந்திருக்கும். அது அளவுக்கு மீறிச் சுட்டுக் கம்பித் தட்டையே வளைத்துவிடும். விறகையும் கரியையும் ஒன்றாகப் போட்டால் விறகின் ஈரமும் கரியின் கந்தகமும் சேர்ந்து அமிலமாகிப் புகைபோக்கியை அரிக்கும். இதெல்லாம் பயனைப் பற்றிய பேச்சு. இதற்குள்ளேயே இன்னொரு பேச்சு ஒளிந்திருக்கிறது.

விறகைப் பற்றி நமக்கு ஒரு முன்தீர்ப்பு இருக்கிறது. மரம் இயற்கை, நிலக்கரி தொழிற்சாலை. மரத்தின் புகை மணக்கிறது, கரிப்புகை நாறுகிறது. ஆகவே முன்னது நிரபராதி. இது மூக்கின் ரசனை. அதை நாம் ஒழுக்கமாக உயர்த்திவிட்டோம். வெட்டிய புதுமரத்தின் எடையில் பாதிவரை தண்ணீர். அடுப்பின் சூடு முதலில் அந்தத் தண்ணீரை ஆவியாக்கச் செலவாகிறது. சூடு குறைந்த நெருப்பில் மரத்தின் வாயுக்கள் எரியாமலே வெளியேறுகின்றன. கண்ணாடி கறுக்கிறது, குழாயில் தார் படிகிறது, மீதி அடுத்தவர் நுரையீரலுக்குப் போகிறது. இதில் மோசமான நேரம் இரவு. விடியும்வரை கனலட்டும் என்று காற்றுத் துவாரத்தை மூடிவிட்டுப் படுக்கிறோமே, அப்போதுதான் விறகு அதிகம் புகைகிறது. ஒருவன் நிம்மதியாகத் தூங்குவதன் செலவு அவனுக்குத் தெரியாத ஒருவர்மேல் விழுகிறது. (ஆஷ் மரம் பச்சையாகவே எரியும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. மற்றவற்றைவிட அதில் ஈரம் குறைவு என்பது உண்மை. நம்பிக்கை தாங்குகிற அளவுக்குக் குறைவு என்பதுதான் உண்மையல்ல.)

உலர்ந்த விறகை எரிக்க வேண்டியதுதானே என்பார்கள். உலர்ந்த விறகு என்றால் என்ன? ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ, மழை படாமல், காற்றோட்டத்தில் அடுக்கிவைத்த விறகு. அதாவது நிலம், கூரை, காலம். கால்வாயில் நிரந்தரத் துறை இல்லாத படகு 14 நாளுக்கு மேல் ஓரிடத்தில் நிற்கக்கூடாது என்கிறது 1995-ம் வருஷச் சட்டம். அவர்களுக்கு அடுக்குவதற்கு இருக்கும் ஒரே இடம் படகின் கூரை, அதற்குமேல் இங்கிலாந்தின் வானம். ஈரமின்மை என்பது மரத்தின் குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் அது ஒரு சொத்து. இங்கிலாந்தில் 2021 மே முதல் இரண்டு கன மீட்டருக்குக் குறைவாக விறகு விற்பவர்கள் ஈரம் 20 சதவிகிதத்துக்குள் இருப்பதாகச் சான்று பெறவேண்டும். அதற்கு மேல் மொத்தமாக வாங்குகிறவருக்கு எப்படி உலர்த்துவது என்று அறிவுரை கொடுத்தால் போதும். இடம் இருப்பவனுக்கு அறிவுரை. இடம் இல்லாதவனுக்கு அடுப்பில் உலர்த்திய விறகு, வலைப்பையில், பை விலைக்கு. விதி தப்பு என்று சொல்லவில்லை, அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. அந்த விதி யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பது தெரிகிறது, அவ்வளவுதான். கரையோரம் விழுந்த கிளையை ரம்பத்தால் அறுத்துக்கொண்டு வருகிறவரை அது தொடவும் இல்லை.

இந்தக் கால்வாய்களே நிலக்கரிக்காக வெட்டியவை என்பதை மறந்துவிட்டுப் பேசுவது சுலபம். 1761-ல் பிரிட்ஜ்வாட்டர் கோமகனின் கால்வாய் வொர்ஸ்லி சுரங்கத்திலிருந்து மான்செஸ்டருக்குக் கரி கொண்டுவந்தது. அங்கே கரி விலை ஏறக்குறைய பாதியாகியது. பின்னாளில் பத்தடி நீள அறைக்குள் குடும்பமே படுத்துச் சமைத்த படகோட்டிகள் எரித்தது, பெரும்பாலும் தாங்கள் சுமந்த சரக்கைத்தான். 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் உறைந்தபோது அந்தத் தொழிலில் எஞ்சியிருந்ததும் அநேகமாக முடிந்துபோயிற்று. வீட்டுக்கரி மூட்டை விற்பனை 2021 மே மாதத்தோடும் தளர்கரி விற்பனை 2023 மே மாதத்தோடும் நின்றன. 2024 செப்டம்பர் 30-ல் கடைசி நிலக்கரி மின்நிலையமும் மூடிவிட்டது. நாகரிகம் ஒன்று தன் எரிபொருளை மாற்றிக்கொள்கிறது. தன் பழைய குழாய்களில் வசிப்பவர்களிடம் வந்து, நீ எதை எரிக்கிறாய் என்று கேட்கிறது. கேட்பதற்கு அதற்கு உரிமை இல்லை என்று நான் வாதிடமாட்டேன். 1952 டிசம்பரில் லண்டனில் ஐந்து நாள் மூடிய புகைமூட்டத்தில் செத்தவர்கள் சுமார் 4,000 பேர் என்று முதல் கணக்கு. பிறகு வந்த கணக்குகள் 12,000 வரை போகின்றன. அவர்களைக் கொன்றது ஒரு தனி அடுப்பு இல்லை. எல்லா அடுப்புகளும். இந்த 'எல்லா' என்கிற சொல்லில்தான் தனிமனிதப் பொறுப்பு கரைந்துபோகிறது.

எனவே புகையில்லாக் கட்டி. இங்கே எனக்குத் தர்க்க நூல் மறுபடி நினைவுக்கு வருகிறது. புகைதான் ஏது; ஏது போய்விட்டால் தீங்கும் போய்விட்டது என்று மனம் முடிவுகட்டுகிறது. ஆனால் கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு வருகிறது: நிறமில்லை, வாசனையில்லை. குழாய் அடைத்துக்கொண்டால் தூக்கத்திலேயே ஆள் போய்விடலாம். 2019 ஏப்ரலிலிருந்து படகுகளில் அதற்கு எச்சரிக்கைக் கருவி கட்டாயம். கந்தகம் இரண்டு சதவிகிதத்துக்குக் கீழ் இருக்கவேண்டும் என்றால், இரண்டுக்குக் கீழே கொஞ்சம் இருக்கிறது என்றும் பொருள். கரி முப்பது கோடி வருஷத்துக்கு முந்தைய காடு. அதன் கார்பனைத் திரும்ப வாங்கிக்கொள்ள இனி அந்தக் காடு வராது. விறகின் கணக்கு சில பத்தாண்டுகளில் நேராகலாம். ஆக விறகை எரித்தால் பக்கத்துப் படகுக்குத் தீங்கு, கரியை எரித்தால் இன்னும் பிறக்காத யாருக்கோ. இரண்டையும் ஒரே தராசில் வைக்கமுடியும் என்று சொல்லும் பொருளாதாரவாதிகளை நான் நம்பவில்லை. இருமிக்கொண்டிருப்பவர் முதலில் வருகிறார். தொலைவில் இருப்பவனின் கடன் சின்னதென்று இதற்கு அர்த்தமில்லை. அதை அடைக்க ஒரு அடுப்பு போதாது, பக்கத்துப் படகின் இருமலை நிறுத்த ஒரு அடுப்பு போதும்.

நண்பரின் படகுக்குப் பின்னால் கட்டியிருந்த படகில் வயதான ஒரு அம்மாள் இருந்தார். காற்றில்லாத குளிர்நாளில் புகை மேலே போகாது, தண்ணீர்மேல் படிந்து ஊரும். ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாமே என்றால், படகுகளில் மூடக்கூடாத துவாரங்கள் இருக்கின்றன. சொந்த அடுப்பின் விஷம் தங்காமலிருக்க வைத்தவை. தன்னிடமிருந்து தன்னைக் காக்கிற அதே துவாரம் வழியாகத்தான் அடுத்தவரின் புகை அவரிடம் வருகிறது. அவர் ஒரு நாளும் குறை சொல்லவில்லை. நண்பர் பகலில் விறகு, இரவில் கரிக்கட்டி என்று வைத்துக்கொண்டிருந்தார். தனியாகக் கட்டியிருக்கும் நாட்களில் மட்டும் இரண்டு நேரமும் விறகு. இது எனக்குச் சரியாகவே பட்டது, பகல் விறகு ஈரமாக இல்லாதவரை.

2021-ம் வருஷச் சுற்றுச்சூழல் சட்டம், கரையில் கட்டிய படகுகளையும் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் கொண்டுவர உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்துவிட்டது. அந்த அம்மாளுக்காக இதை வரவேற்கவேண்டும், வரவேற்கிறேன். ஆனால் அபராதச் சீட்டோடு வருகிற அதிகாரி அதே கையில் ஒரு மூட்டை கரிக்கட்டியை அடக்க விலைக்குக் கொண்டுவரட்டும். வாங்க முடிந்தும் ஈர விறகை எரிக்கிறவனிடம் சீட்டைக் கொடுக்கலாம். முடியாதவனுக்கு முதலில் மூட்டை.