நடு மாதங்கள் யார் கணக்கில்?

மனிதப் படைப்பைப் பற்றிக் கூறும்போது அல்லாஹுத் தஆலா அதனைப் படிப்படியாக எடுத்துக் கூறுகின்றான். துளி, கட்டி, சதைப் பிண்டம், எலும்பு, அதன்மீது சதை, பிறகு முற்றிலும் வேறொரு படைப்பு என்று அல்முஃமினூன் சூரா (23:12-14) வரிசைப்படுத்துகிறது. 120 நாட்கள் கழிந்தபின் ரூஹு ஊதப்படுகிறது என்பதை இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸைக் கொண்டு நம் உலமாக்கள் விளக்கியுள்ளனர். இது கரு தரித்த நாளிலிருந்து எண்ணும் கணக்கு. டாக்டர்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவதால், அவர்கள் கணக்கில் ஏறத்தாழ 19ஆவது வாரமாகும். தாய் தன் வயிற்றில் பிள்ளையின் அசைவை முதன்முதலாக உணர்வதும் பெரும்பாலும் இதையொட்டிய வாரங்களில்தான்.

இத்தகைய கண்ணியம் வாய்ந்த மாதங்கள் நம் இல்லங்களில் எவ்வாறு கழிகின்றன?

முதல் மூன்று மாதம் வாந்தி, மயக்கம் என்று வீடே பெண்ணைக் கவனிக்கிறது. கடைசி மாதங்களில் பிரசவத்தைப் பற்றிய கவலை. நடுவில் அவள் தெளிந்து விடுகிறாள். சாப்பிடுகிறாள், வீட்டு வேலைகளையும் பார்க்கிறாள். "நல்லாத்தானே இருக்கா, இப்ப எதுக்கு ஆஸ்பத்திரி?" என்கிறார் மாமியார். தலைப்பிரசவமானால் ஏழாம் மாதம் தாய்வீட்டார் வந்து அழைத்துப் போவார்கள். அதன்பின் செலவும் அவர்களுடையது என்பது பல ஊர்களில் வழக்கம். ஆகவே புகுந்த வீடு ஏழாம் மாதத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. பிறந்த வீடோ சம்பந்தி வீட்டு விஷயத்தில் தலையிடத் தயங்குகிறது. கணவர் துபாயிலோ சவூதியிலோ இருக்கிறார். நான்கு, ஐந்து, ஆறு ஆகிய மூன்று மாதங்களும் எவர் கணக்கிலும் சேராமல் போய்விடுகின்றன!

நலமாக இருக்கும்போது மருத்துவமா?

நோய் தெரியாத காலத்தில் டாக்டரிடம் போவது தவக்குலுக்கு மாற்றமல்லவா என்று சிலர் கேட்கின்றனர். யூஸுஃப் (அலை) அவர்களின் சரித்திரத்தை நாம் ஓதியிருக்கிறோம். ஏழாண்டுகள் நல்ல விளைச்சல் இருக்கும், அதன்பின் ஏழாண்டுகள் பஞ்சம் வரும் என்று மன்னரின் கனவுக்கு விளக்கம் சொன்ன அவர்கள், நல்ல காலத்திலேயே தானியத்தைக் கதிரோடு சேமிக்கச் சொன்னார்கள். தவக்குலில் ஒரு நபியை விட நாம் மிஞ்சியவர்களா?

கர்ப்பிணிக்கு நடு மாதங்கள் அந்த விளைச்சல் ஆண்டுகளைப் போன்றவை. பிரசவத்தில் இரத்தம் போகும் என்பது உறுதி. அதற்கான சேமிப்பு இப்போதுதான் நடக்க வேண்டும். 2019-21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள். எனவேதான் நான்காம் மாதத்திலிருந்து நாளொன்றுக்கு ஒன்று வீதம் 180 நாட்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். அதைத் தேநீரோடு விழுங்கினால் பலன் குறைந்துவிடும்.

18 முதல் 20 வாரங்களுக்குள் எடுக்கும் ஸ்கேன் பிள்ளையின் இருதயம், முதுகெலும்பு முதலிய உறுப்புகளைக் காட்டுகிறது. ஆணா பெண்ணா என்று அறிய அல்ல. அவ்வாறு சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்துள்ளது. குறை தெரிந்தால் அடுத்து என்ன என்பது தனி மஸ்அலா. ஆனால் முன்கூட்டி அறிந்திருந்தால், பிறந்தவுடன் சிகிச்சை தரக்கூடிய ஆஸ்பத்திரியில் பிரசவத்தை வைத்துக்கொள்ளலாம். 24 முதல் 28 வாரங்களுக்குள் சர்க்கரைப் பரிசோதனை. 20 வாரங்களுக்குப் பிறகு சிலருக்கு இரத்த அழுத்தம் ஏறுகிறது. ஆரம்பத்தில் பெண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை. கையில் பட்டையைக் கட்டிப் பார்த்து, சிறுநீரையும் சோதித்தால்தான் தெரியும். "நல்லாத்தானே இருக்கா" என்ற சொல் எவ்வளவு ஆபத்தானது என்று சிந்தியுங்கள்!

கிதாபு என்ன சொல்கிறது?

மனைவியின் மருந்துச் செலவும் வைத்தியர் கூலியும் கணவன்மீது கடமையான நஃபகாவில் சேராது என்று ஷாஃபிஈ, ஹனஃபீ கிதாபுகளில் எழுதப்பட்டிருப்பது உண்மையே. இதை மறைப்பது அமானத்தல்ல. ஆனால் அதன் காரணத்தையும் பார்க்க வேண்டும். வாடகை வீட்டின் சுவர் இடிந்தால் கட்டித் தருவது குடியிருப்பவர்மீது கடமையல்ல. அதுபோல, எப்போதோ நேரும் நோய்க்கு உடலைச் சீர்செய்வது கணவன்மீது கடமையல்ல என்பது ஃபுகஹாக்கள் காட்டிய ஒப்புமை.

இது கர்ப்பத்துக்குப் பொருந்துமா? கர்ப்பம் எப்போதோ நேர்ந்த விபத்தல்ல. அவள் சுமப்பது அவன் பிள்ளையை. மருத்துவச்சியின் கூலி யார்மீது என்ற சர்ச்சை ஹனஃபீ கிதாபுகளில் வருகிறது. டமாஸ்கஸ் நகரத்து அல்லாமா இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள், மருத்துவச்சியால் ஏற்படும் பயனில் பெரும்பகுதி பிள்ளையைச் சேர்வதால் அது தந்தையின் மீதே என்ற கருத்துக்கு முதலிடம் தருகின்றார்கள். பிரசவ வேளையில் வருபவளின் கூலிக்கு இதுவே காரணமென்றால், ஐந்தாம் மாதத்து மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் அக்காரணம் பொருந்தாதா? இக்காலத்து அறிஞரான வஹ்பா ஸுஹைலீ (ரஹ்) அவர்களோ, மருத்துவம் உணவைப் போலவே அவசியமாகிவிட்டதால் அது நஃபகாவில் சேர வேண்டுமென்று பொதுவாகவே எழுதியுள்ளார்கள்.

அத்தலாக் சூராவை (65:6) பாருங்கள். விலக்கப்பட்ட மனைவி கர்ப்பிணியாக இருந்தால், பிரசவிக்கும் வரை அவளுக்குச் செலவு செய்யுமாறு ரப்புல் ஆலமீன் கட்டளையிடுகின்றான். ஏழாம் மாதம் வரை என்றோ, தாய்வீடு போகும் வரை என்றோ கூறவில்லை. உறவு முறிந்தவளுக்கே இந்த ஹக்கு என்றால், நம் வீட்டில் நமக்குச் சோறாக்கிப் போடுபவளுக்கு எவ்வளவு! இதை அடியேன் ஃபத்வாவாகச் சொல்லவில்லை. பெரிய உலமாக்களின் ஆய்வுக்கு வைக்கின்றேன். ஆனால் மனச்சாட்சியின் தீர்ப்புக்கு ஃபத்வா தேவையில்லை.

பணமா, மனமா?

உண்மையில் பணம் பெரிய தடையல்ல. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாத்திரையும் தடுப்பூசியும் இலவசம். 2016 முதல் மாதந்தோறும் 9ஆம் தேதியன்று, நான்காம் மாதம் முதலான கர்ப்பிணிகளை அரசு ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் இலவசமாகப் பரிசோதிக்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. இல்லாமல் போவது கூட்டிக்கொண்டு போக ஓர் ஆள்தான்! கணவர் கடையை ஒரு நாள் பூட்ட மனமில்லை, மாமியாருக்கு அலுப்பு, தனியே அனுப்பவும் சம்மதமில்லை. லேடி டாக்டரைத் தேடுவது நம் கடமைதான். எனினும் அவர் கிடைக்காதபோது, தேவையான அளவுக்கு, துணை ஒருவர் உடனிருக்க, ஆண் டாக்டரிடம் காட்டவும் ஷரீஅத் வழிவிட்டிருக்கிறது. அந்தச் சலுகையை மறைத்துவிட்டு, ஹயாவின் பெயரால் பெண்ணை வீட்டில் வைத்திருப்பது மார்க்கப் பற்றாகாது.

சகோதரர்களே! ஏழாம் மாதத்துக்கு அழைத்துப் போவதும் விருந்து வைப்பதும் நாம் ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். வயிற்றுப் பிள்ளைக்குத் தந்தை பொறுப்பு என்பதோ ரப்பு விதித்த முறை. வெளிநாட்டிலிருப்பவர் ஃபோனில் "சாப்பிட்டியா?" என்று கேட்பதோடு, "இந்த மாதம் யாரோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறாய்?" என்றும் கேட்கட்டும். பெற்றோரிடம் சொல்லி அதற்கு ஏற்பாடும் செய்யட்டும்.

நம் பொறுப்பிலுள்ளவர்களின் ஹக்கைக் குறையின்றி நிறைவேற்ற வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.