பனிமலைப் படமும் நம் பிள்ளைகளும்

உங்கள் மூத்த மகனுக்கு வயது பதினான்கு. இளையவளுக்கு எட்டு, முதல் நன்மை வாங்க ஆயத்தம் செய்துகொண்டிருக்கிறாள். சனிக்கிழமை இரவு, சாப்பாடு முடிந்து, "அப்பா, இந்தப் படத்தை எல்லாருமாகப் பார்ப்போமா? உண்மையாக நடந்த கதையாம்" என்று மகன் கேட்கிறான். அமெரிக்காவில் அப்படத்துக்கு வழங்கிய சான்றிதழோ, பதினேழு வயதுக்குட்பட்டோர் பெரியவர் துணையுடனேயே பார்க்க வேண்டுமென்கிறது. நீங்கள் என்ன பதில் சொல்லப் போகிறீர்கள்?

ஸ்பானிய மொழியில், 'பனியின் சமூகம்' எனப் பொருள்படும் தலைப்புடன் 2023ஆம் ஆண்டு வெளிவந்த படத்தையே குறிப்பிடுகிறேன். இயக்கியவர் பயோனா. இதே கதையை 1993இல் ஹொலிவூட்டும் எடுத்திருந்தது.

1972ஆம் ஆண்டு ஒக்ரோபர் 13ஆம் திகதி, 45 பேருடன் சிலி நாட்டை நோக்கிச் சென்ற உருகுவே விமானப்படை விமானம் ஒன்று அந்தீஸ் மலைத்தொடரில் மோதி விழுந்தது. பயணிகளிற் பலர், அயர்லாந்துக் கிறிஸ்தவ சகோதரர்கள் நடத்திய கத்தோலிக்கக் கல்லூரியின் பழைய மாணவர்களும் அவர்களுடைய றகர் குழுவினரும், உறவினரும் நண்பரும். தேடுதல் நிறுத்தப்பட்டுவிட்டது என்ற செய்தியை அவர்கள் அந்தப் பனிவெளியிலிருந்தே சிறிய வானொலிப் பெட்டியிற் கேட்டார்கள். அந்த மாதம் 29ஆம் திகதி பனிச்சரிவு மேலும் எட்டுப் பேரைக் கொண்டுபோயிற்று. 72 நாட்களின் பின் மீட்கப்பட்டவர்கள் 16 பேர். உண்பதற்கு எதுவுமில்லாத அந்த வெண்பாலையில், இறந்துபோன தோழரின் உடலை உண்டே அவர்கள் உயிர் தப்பினார்கள்.

இதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதா என்று உடனே கதவைச் சாத்திவிடத் தோன்றும். அது இயல்பே. ஆனாலும் சற்றுப் பொறுங்கள். மாலைவேளைகளில் உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடும் படங்களில் எத்தனை பேர் சுடப்பட்டும் வெட்டப்பட்டும் விழுகிறார்கள்? விழுந்தவனுக்குப் பெயரில்லை, தாயில்லை. கதாநாயகன் அவனைத் தாண்டிப் பாட்டுக்குப் போய்விடுகிறான். நாமும் சோற்றைப் பிசைந்துகொண்டு பார்க்கிறோம். அதற்கு ஒரு தடையும் போடாத நாம், ஒவ்வொருவர் இறக்கும்போதும் அவருடைய பெயரையும் வயதையும் திரையில் எழுதிக் காட்டும் படத்துக்குத் தடைபோடுவது எந்த நியாயம்? இரத்தம் எவ்வளவு சிந்துகிறது என்பதை மட்டும் அளந்தால், பெரிய வெள்ளிக்கிழமையில் நாம் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லும் திருப்பாடுகளின் காட்சியையும் நிறுத்தவேண்டி வரும். மனித உயிர் அங்கே மலிவாக்கப்படுகிறதா, மதிக்கப்படுகிறதா என்பதே முதற் கேள்வியாக எனக்குப் படுகிறது.

அந்தக் கேள்விக்கு இப்படம் நன்றாகவே பதில் சொல்லுகிறது. உடல்களை வெட்டுவதை அது நெருங்கிக் காட்டவில்லை. பிந்திய காட்சிகளில் எலும்புகள் கண்ணிற் படுகின்றன. விமானம் பிளந்து, இருக்கைகள் பிடுங்கப்பட்டு மனிதர் நசுங்கும் சில நிமிடங்கள்தான் மிகக் கொடியவை. தகப்பன் வெளிநாட்டில் உழைத்து, ஆண்டுக்கொருமுறை விமானத்தில் வந்துபோகும் வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சில நிமிடங்கள் என்ன செய்யும் என்பதை எந்தச் சான்றிதழும் சொல்லாது. அதைத் தாய்தான் அறிவாள்.

இனி, அந்த உணவைப் பற்றிய வினா. மகன் கட்டாயம் கேட்பான்: "அவர்கள் செய்தது பாவமா?" இல்லை என்று தயங்காமற் சொல்லுங்கள். அக்காலத்திலேயே திருச்சபைத் தரப்பிலிருந்து, சாவின் விளிம்பில் வேறு வழியின்றிச் செய்ததைப் பாவமெனக் கொள்ளமுடியாது என்ற விளக்கம் தரப்பட்டது. அவர்கள் எவரையும் கொல்லவில்லை. தாம் இறந்தால் தம் உடலை மற்றவர்கள் உண்ணலாமென ஒருவருக்கொருவர் அனுமதி கொடுத்திருந்தார்கள். முதலில் மறுத்து நின்றவர்களும் இருந்தார்கள். அவர்களையும் குறைகூற முடியாது. இரவில் செபமாலை சொன்னார்கள். 1973 ஜனவரியில் ஒரு குருவானவருடன் சென்ற குழு எஞ்சிய உடல்களை அவ்விடத்திலேயே அடக்கம் செய்து சிலுவை நாட்டியது.

ஆனால் இளையவளின் கேள்வி வேறு. உயிர் தப்பியோரிற் சிலர், தாம் செய்ததை நற்கருணையோடு ஒப்பிட்டார்கள். 1972 டிசெம்பர் 28ஆம் திகதி பத்திரிகையாளர் முன்னிலையிலும் இராவுணவை நினைவூட்டியே பேசினார்கள். அவர்கள் நெஞ்சிலிருந்து வந்த வார்த்தை அது; நான் அதைப் பழிக்கமாட்டேன். எனினும் நாம் நற்கருணையில் உட்கொள்வது இறந்த ஒருவரின் தசையையல்ல. உயிர்த்து வாழும் ஆண்டவரை, அப்ப இரச குணங்களின் கீழ், அவரே தம்மை அளிக்கும் விதத்தில் உட்கொள்கிறோம். பெரியவர்களே தடுமாறும் இந்த வேறுபாட்டை, 'இது கிறிஸ்துவின் சரீரம்' என்று இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருக்கும் எட்டு வயதுக் குழந்தை எப்படிப் பிரித்தறியும்? நன்மை வாங்கும் நாளில் அந்தப் பனிமலை அவள் கண்முன் வந்து நின்றால் யார் பொறுப்பு? இளையவளுக்கு இப்படம் இப்போது வேண்டாம் என்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

மூத்தவனைப் பற்றி நான் அஞ்சுவது குறைவு. படத்தில் ஆர்த்தூரோ என்னும் இளைஞன், வீட்டிற் கற்ற இறைவனைவிட, காயத்துக்கு மருந்திடும் நண்பனின் தலைக்குள் இருக்கும் இறைவனையே தான் நம்புவதாகச் சொல்லும் இடமொன்று வருகிறது. சில பெற்றார் முகஞ்சுளிக்கலாம். நான் அந்த இடத்திற்றான் படத்தை நிறுத்தி, மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தை எடுத்து மகனுடன் பேசுவேன். அதற்காகவே அவனுக்கு அருகில் நீங்கள் இருக்கவேண்டும். தனியே கைத்தொலைபேசியில் பார்ப்பானாகில், அந்த வார்த்தை அவனுக்குள் பதிலின்றிக் கிடக்கும்.

1936ஆம் ஆண்டிலேயே பாப்பரசர் 11ஆம் பத்திநாதர், எந்தப் படம் எல்லாருக்கும் உரியது, எது வரையறைகளுடன் மட்டும் பார்க்கத்தக்கது, எது ஒருவருக்கும் ஆகாது என்று மக்களுக்கு அறிவிக்கும்படி ஆயர்களைக் கேட்டார். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிள்ளைகளின் விசுவாசத்துக்கும் ஒழுக்கத்துக்கும் ஊறு செய்பவை வீட்டுக்குள் வராமற் காக்கும் கடமையைப் பெற்றாரிடமே நினைவூட்டியது. அன்று படம் கொட்டகையில் ஓடியது. பட்டியலைக் கோவில் வாசலில் ஒட்டலாம். இன்று படம் சட்டைப் பையில் இருக்கிறது.

இன்னுமொன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. பிள்ளைக்கு ஆகுமா என்று கேட்கும் நாம், தகப்பனுக்கு ஆகுமா என்று கேட்பதில்லை. 2009ஆம் ஆண்டின் முற்பகுதியில் வன்னியில் பதுங்குகுழிக்குள் பசியோடு கிடந்தவர்கள், உறவினரின் உடலை அடக்கம்கூடச் செய்யமுடியாமல் விட்டு நடந்தவர்கள் நம் பங்குகளில் எத்தனை பேர்! படத்தின் நடுவே அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து முற்றத்துக்குப் போனால், பிள்ளை திரையைப் பார்க்குமா, அப்பாவைப் பார்க்குமா? உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் முதலில் அவரிடம் தனியே கேளுங்கள். பார்க்க முடியாதென்றால் விட்டுவிடுங்கள், படம் ஓடிப்போகாது. ஒருவேளை அவர், தான் ஒருநாளும் சொல்லாததைப் பிள்ளைக்குச் சொல்லத் தொடங்கவும் கூடும். அப்படி நேர்ந்தால் படமே தேவையில்லை.

மூத்தவனோடு பார்ப்பதென்றால், நீங்கள் முதலில் தனியே ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரவு படுக்கைக்குப் போகுமுன் வேண்டாம். ஞாயிறு பகலில், பேச நேரம் வைத்துப் பாருங்கள்.

இளையவள் அழுவாள், தன்னை மட்டும் விட்டுவிட்டீர்களென்று. அவளுக்குக் கதையை வாயாற் சொல்லுங்கள், முடிவிலிருந்து. பறாடோ, கனேசா என்ற இருவர் பத்து நாட்கள் மலைகளைத் தாண்டி நடந்து ஓர் ஆற்றங்கரைக்கு வந்தார்கள். அக்கரையில் மாடு மேய்க்கும் கற்றலான் என்ற ஏழை மனிதர் நின்றார். ஆற்றின் இரைச்சலில் குரல் கேட்கவில்லை. மறுநாட் காலை அவர் தாளையும் பென்சிலையும் கல்லிற் கட்டி எறிந்தார். அவர்கள் எழுதித் திருப்பி எறிந்தார்கள். வாசித்துவிட்டுத் தம்மிடமிருந்த பாணை ஆற்றுக்கு மேலாக எறிந்துகொடுத்து, குதிரையேறி, உதவிக்கு ஆள் கூட்டிவரப் போனார்.