ஆழமும் அழைப்பும்

விண்ணுக்கப்பால் எங்கோ வீற்றிருக்கும் கடவுளை விட்டு வாழ்வின் ஆழத்திலே அவரைத் தேடுங்கள் என்று சொல்லும் 'ஹானஸ்ட் டு காட்' என்ற சிறு நூலை 1963ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஆங்கிலத் திருச்சபையின் பிஷப்பான ஜான் ராபின்சன் வெளியிட்டபோது, விசுவாசிகள் பலர் திடுக்கிட்டனர். கான்டர்பரி பேராயர் மைக்கேல் ராம்சேயே வெளிப்படையாகக் கண்டித்தார். அவ்விசாரம் ராபின்சனின் சொந்தச் சரக்கன்று. 1933இல் நாஜிகளால் பதவி பறிக்கப்பட்டு நியூயார்க்கில் குடியேறிய ஜெர்மானியத் தத்துவ ஞானி பால் டில்லிக் தம் பிரசங்கங்களில் முன்னமே விரித்துரைத்ததுதான்.

உயரமும் ஓர் இடம், ஆழமும் ஓர் இடமே. இடங்கடந்த பொருளை மேன்மாடியிலிருந்து நிலவறைக்குக் குடிமாற்றியதால் என்ன லாபம் என்று கேட்போரின் ஆட்சேபம் நியாயமானது. ஆயினும் டில்லிக் ஆழத்தின் பாடத்தைக் கற்றது நூலகத்தில் மட்டுமன்று. முதல் உலகப் போரில் ராணுவக் குருவாகப் பிரெஞ்சுப் போர்முனையில் ஆண்டுக்கணக்காக இருந்து, ஜெபம் சொல்லித் தேற்றிய சிப்பாய்களையே பின்னர் அடக்கமும் செய்து, மனம் தளர்ந்து நோயுற்றவர் அவர். சகலத்தையும் மேலிருந்து நன்மையாகவே நடத்திவைக்கும் கடவுள் அப்புதைகுழிகளின் முன் அவருக்கு நிலைக்கவில்லை. அதற்குப் பின்னும் எஞ்சி நின்றதைத்தான் ஆழம் என்றார்.

பைபிளின் 130ஆம் சங்கீதத்தைப் பாடியவனும் ஆழத்தை அறிந்தவனே. ஆனால், அங்கே கடவுளைக் கண்டதாக அவன் சொல்லவில்லை, தான் அமிழ்ந்து கிடக்கும் இடத்திலிருந்து அவரைக் கூப்பிடுகிறான். கத்தோலிக்கர் இறந்தோருக்காக இன்றும் ஓதிவரும் அப்பாட்டில், ஆழம் மனிதனுக்குரிய விலாசம், கடவுளுக்கு உரியதன்று. ஆழமே கடவுளென்றால் கூப்பிடுகிறவன் யாரைக் கூப்பிடுவது? ஆன்மாவின் அடித்தளமும் கடவுளின் அடித்தளமும் ஒன்றே எனப் போதித்த இடைக்கால ஜெர்மானிய ஞானி எக்கார்ட்டின் வாக்கியங்கள் சிலவற்றை 1329இல் போப்பாண்டவர் கண்டித்தபோது, அந்தச் சங்கடமும் உள்ளூர இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

ராபின்சன் இந்தச் சங்கடத்தை அறியாதவரல்லர். குருமடத்தில் கற்பித்த ஜெபமுறைகள் தமக்கு ஒத்துவரவில்லையென்று ஒளிக்காமல் எழுதிய அவர், எதிரில் நிற்கும் மனிதனிடம் தன்னை முழுவதும் திறந்துவைப்பதே பிரார்த்தனை என்று சமாதானம் கூறினார். உத்தமமான நீதிபோதனை, எனினும் சங்கீதக்காரன் கிடந்த குழியில் எதிரே நிற்க இன்னொருவன் இல்லையே.