வேண்டா எனும் உரிமை

தொண்டு என்னும் சொல்லைக் கேட்ட அளவிலேயே தலை வணங்குவது மக்கள் இயல்பு. பிறர்க்கென உழைப்போரைப் போற்றாத மொழியும் இல்லை; நாடும் இல்லை. ஆயினும் போற்றுதல் வேறு, ஆராய்தல் வேறு. பழிக்கப்படும் செயலை உலகம் தானே துருவி ஆராய்ந்துவிடும். புகழப்படும் செயலையோ எவரும் ஆராய முற்படுவதில்லை. ஆதலின், புகழப்படும் செயல்களே மிகுதியும் ஆராயப்பட வேண்டியவை.

இளைஞன் ஒருவன் பெற்றோரையும் பிறந்த மண்ணையும் விட்டுக் கடல் கடந்து செல்கிறான். அவன் நாடிச் செல்வது பொருளை அன்று. அறியாத மக்களுக்கு உதவும் வாய்ப்பை. ஓராண்டோ ஈராண்டோ அங்கே தங்குகிறான். பள்ளியில் பாடம் சொல்லித் தருகிறான். மருத்துவ நிலையத்தில் துணை நிற்கிறான். ஊர் ஊராகச் சுற்றி வருகிறான். திரும்பி வரும்போது முன்னிலும் முதிர்ந்தவனாக வருகிறான். இவன் செய்தது என்ன? ஈகையா, ஒப்புரவா?

வள்ளுவர் இவ்விரண்டையும் ஒன்றாகக் கலக்கவில்லை. ஒப்புரவறிதலை 22ஆம் அதிகாரமாகவும் ஈகையை 23ஆம் அதிகாரமாகவும் தனித்தனியே வைத்தார். இல்லாதவர்க்குக் கொடுத்தல் ஈகை. உலகநடையை அறிந்து அதற்கேற்ப உதவி வாழ்தல் ஒப்புரவு என்று உரையாசிரியர்கள் பிரித்துக் காட்டுவர். ஈகையில் கொடுப்பவன் கை மேலே இருக்கும். ஏற்பவன் கை கீழே இருக்கும். ஒப்புரவில் அத்தகைய உயர்வு தாழ்வுக்கு இடமில்லை. மேலும், 'அறிதல்' என்னும் சொல் ஒப்புரவின் தலைப்பிலேயே சேர்ந்து நிற்கிறது. அறியாமல் செய்யும் உதவி ஒப்புரவு ஆகாது என்பது அதனால் பெறப்படும். எதை அறிவது? யாரிடம் அறிவது? அயல்நாட்டுத் தொண்டின் அறச்சிக்கல் முழுவதும் இவ்விரு வினாக்களில் அடங்கியிருக்கிறது.

இக்கால அயல்நாட்டுத் தொண்டின் வேர்களுள் ஒன்று போர்க்களத்தில் ஊன்றியது. முதல் உலகப் போரில் பிரான்சு நாட்டின் வெர்தன் வட்டாரம் குண்டுகளால் உழப்பட்டது. 1920ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் பியர் செரெசோல் ஒரு சிறு குழுவுடன் அங்குச் சென்று, இடிந்து கிடந்த சிற்றூர் ஒன்றைச் சீரமைக்கும் பணியைத் தொடங்கினார். அக்குழுவில் ஜெர்மானியரும் இருந்தனர். பகைவராயிருந்தோர் ஒருசேரக் கல் சுமந்தால் பகை கரையும் என்பது செரெசோலின் நம்பிக்கை. ஆயினும் ஜெர்மானியரின் கை பட்ட உதவிக்கு எதிர்ப்பு வலுத்தது. சில மாதங்களில் குழுவினர் பணியைக் கைவிட்டு நீங்கினர்.

எதிர்த்தவரை நன்றியற்றவர் என்று கூறிவிடலாமா? மகனைப் போரில் பறிகொடுத்த தாய், அம்மகனைக் கொன்ற படையின் நாட்டவர் எழுப்பும் சுவரை ஏற்க மறுத்தால், அவள் செய்தது குற்றமாகுமா? உதவ முன்வந்தோர் நல்லவரே; மறுத்தோரும் தீயவர் அல்லர். இங்கே போற்றத்தக்கது ஒன்று உண்டு. மறுக்கப்பட்டபோது தொண்டர்கள் விலகிச் சென்றனர். தங்கள் நல்லெண்ணத்தை மற்றவர் மீது திணிக்கவில்லை. அதனால் அவர்களுடைய தொண்டு அழிந்துவிடவும் இல்லை. 1934ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியபின், அதே செரெசோல் இந்தியாவுக்கு வந்து, வீடிழந்த மக்களின் சிற்றூர்களை மீண்டும் அமைக்கும் பணியில் ஈடுபட்டார். அயலவர் ஆட்சியை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்த மக்களிடையே ஓர் ஐரோப்பியர் உழைப்பாளியாக வந்து நின்றார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தகைய தொண்டு பெருவழக்காயிற்று. 1958இல் பிரிட்டனில் அலெக் டிக்சன் தொடங்கிய இயக்கம், பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பியது. முதலில் தொண்டர்களைப் பெற்ற இடங்களுள் சரவாக்கும் ஒன்று. 1961இல் அமெரிக்கா அமைதிப் படையை நிறுவியது. 1965இல் ஜப்பான் தன் இளந்தொண்டர் அமைப்பைத் தொடங்கி, அடுத்த ஆண்டே மலேசியாவுக்கும் தொண்டர்களை அனுப்பியது.

அமைதிப் படையின் முதலாண்டில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகள் ஒப்புநோக்கத் தக்கவை. 1961 ஆகஸ்டு இறுதியில் முதற்குழுவினர் கானாவின் தலைநகரான அக்ராவில் வந்திறங்கினர். விமான நிலையத்தில் அவர்கள் அந்நாட்டு மொழியாகிய துவியில் ஒரு பாடலைப் பாடினர். அயலார் வாயில் தம் தாய்மொழியைக் கேட்டோர் மகிழ்ந்தனர். இரு மாதங்கள் கழிந்து, அக்டோபரில், நைஜீரியாவின் இபதான் நகரில் பயிற்சி பெற்றுவந்த இளம்பெண் ஒருத்தி தன் தோழருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினாள். மக்கள் தெருவிலேயே வாழ்ந்து தெருவிலேயே சமைப்பதாகவும், வாழ்க்கைநிலை மிகவும் பின்தங்கியிருப்பதாகவும் அதில் குறித்திருந்தாள். அஞ்சலில் சேருமுன் அவ்வட்டை பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர் கைக்குக் கிட்டியது. படிகள் எடுக்கப்பட்டன, மாணவர் கொதித்தெழுந்தனர். அப்பெண் மன்னிப்புக் கேட்டு, நாட்டை விட்டு நீங்கினாள்.

அவள் தீய எண்ணம் உடையவள் அல்லள். புதிய நாட்டைக் கண்டு திகைத்த இளம் உள்ளம் வீட்டுக்கு எழுதும் சொற்களையே எழுதினாள். பிழை எங்கே நேர்ந்தது? அவள் அந்த மக்களைப் பற்றி எழுதினாள். அந்த மக்களை நோக்கி எழுதவில்லை. தாம் எழுதுவதை அவர்கள் படிப்பார்கள், படித்து மறுமொழி கூறுவார்கள் என்னும் நினைவே அவ்வட்டையில் இல்லை. எவரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எண்ணிப் பேசுவது ஒப்புரவின் முதற்படி. இபதான் மாணவர் அன்று உரக்கக் கூறியது 'வேண்டா' என்னும் ஒரு சொல்லே. அவர்கள் அதைக் கூறியது நன்று. அவள் அதைக் கேட்க நேர்ந்ததும் நன்றே.

ஆனால் எல்லாரும் இவ்வாறு உரக்கக் கூறுவதில்லை. மலேசியாவில் 1962 முதல் 1983 வரை அமைதிப் படையினர் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் பணியாற்றினர். அவர்களுள் பலர் ஆசிரியர்கள். மருத்துவப் பணியில் இருந்தோரும் உண்டு. அத்தகைய இளைஞன் ஒருவன் கம்பத்து வீடொன்றில் குடியேறுவதாகக் கொள்வோம். கைலி கட்டிக் கிணற்றடியில் குளிப்பது எவ்வாறு, வலக்கையால் உண்பது எவ்வாறு, படியேறுமுன் காலணியைக் கழற்றுவது ஏன் என்பவற்றை அவ்வீட்டுச் சிறுவர்கள் அவனுக்குக் கற்பிக்கின்றனர். பட்டம் பெற்றவன் ஐந்து வயதுக் குழந்தையின் மாணவன் ஆகிறான். அவன் ஒருநாள் ஊருக்குப் புதுக்கிணறு வெட்ட ஓரிடத்தைக் காட்டுகிறான். ஊர்ப் பெரியவர் புன்னகை செய்கிறார், 'பார்க்கலாம்' என்கிறார். அடுத்த வாரமும் 'பார்க்கலாம்' என்கிறார். இவர்களுக்கு ஊக்கமில்லை என்று இளைஞன் மனம் சலிக்கிறான். அவ்விடத்தில் முன்னோர் அடக்கம் செய்யப்பட்டிருப்பது ஓராண்டு கழிந்தபின்னரே அவனுக்குத் தெரியவருகிறது. விருந்தினர் மனம் நோக மறுத்துரைப்பது பண்பன்று என்று கருதும் சமுதாயத்தில், புன்னகையும் ஒரு மறுப்பே. தமிழர் இல்லங்களிலும் இவ்வழக்கம் உண்டு. அந்த மறுப்பைக் கேட்கும் செவி அவனுக்கு அதுவரை வாய்க்கவில்லை.

மொழி பயில்வதன் பயன் ஈண்டு விளங்கும். கட்டளையிடுவதற்கும் பாடம் நடத்துவதற்கும் சில நூறு சொற்கள் போதும். மக்கள் சொல்லாமல் விடுவதை உணர்வதற்கோ நெடுங்காலம் உடன் வாழ்தல் வேண்டும். தொண்டன் அயல்மொழியைக் கற்பது தான் பேசுவதற்காக மட்டுமன்று. பிறர் கூறும் 'வேண்டா' தன் செவியில் விழுவதற்காகவும் ஆகும்.

இக்கருத்தை மிகக் கடுமையாக எடுத்துரைத்தவர் இவான் இல்லிச் என்னும் கத்தோலிக்கக் குரு. 1968 ஏப்ரல் 20ஆம் நாள், கோடை விடுமுறையில் மெக்சிகோச் சிற்றூர்களுக்கு உதவச் செல்லும் வட அமெரிக்க மாணவரிடையே அவர் உரையாற்றினார். பாராட்டை எதிர்பார்த்து அமர்ந்திருந்தோர்க்குக் கண்டனமே கிடைத்தது. மொழி அறியாத அவர்களால் ஏழைகளோடு உரையாடவே இயலாது என்றார். காண வாருங்கள், கற்க வாருங்கள், உதவ வாராதீர்கள் என்பது அவர் கூறியதன் சாரம். உதவித்தான் ஆக வேண்டுமெனின், உதவி வேண்டா என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய சொந்த நாட்டு மக்களிடையே பணி செய்யுங்கள் என்றும் அவர் அறிவுறுத்தினார்.

இல்லிச் அளவு கடந்து பேசினார் என்போர் உண்டு. ஆனால் அவர் அஞ்சியது பிற்காலத்தில் வேறு வடிவில் மெய்யாயிற்று. கம்போடியாவில் சுற்றுலாப் பயணிகள் பெருகியபோது அநாதை இல்லங்களும் பெருகின. அங்கு வாழ்ந்த குழந்தைகளுள் பெரும்பாலோர்க்குத் தாய் தந்தையருள் ஒருவரேனும் உயிருடன் இருப்பதை ஆய்வுகள் வெளிப்படுத்தின. குழந்தைகளோடு சில நாள் விளையாடிப் படம் எடுத்துச் செல்லும் இளந்தொண்டர்களின் அன்பும் நன்கொடையும், குழந்தைகளை வீட்டிலிருந்து பிரிப்பதை ஆதாயமுள்ள தொழிலாக்கின. 2018இல் ஆஸ்திரேலியா இத்தகைய செயலைப் புதுவகை அடிமைமுறையின் கீழ்க் கருதத் தொடங்கியது. அங்குச் சென்ற இளைஞர்கள் கொடியவர் அல்லர்; பலர் கண்ணீரோடு விடைபெற்றவர்கள். ஆனால் வாரந்தோறும் புதிய முகத்தை அணைத்து, வாரந்தோறும் பிரிந்த அக்குழந்தைகளால் 'வேண்டா' என்று சொல்ல இயன்றதா? மறுக்க இயலாதவர்க்குச் செய்யும் உதவியே மிகுந்த அச்சத்தோடு செய்யப்பட வேண்டிய உதவி.

அவ்வாறாயின் இளைஞர்கள் கடல் கடந்து செல்வதே தவறா? அன்று. செல்பவன் பயன் பெறுகிறான் என்பதால் தொண்டு மாசுபட்டுவிடாது. அமைதிப் படைக்கான 1961ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று நோக்கங்களைக் கூறுகிறது. தேர்ச்சியுள்ள ஆட்களை அளிப்பது ஒன்று; அமெரிக்கரைப் பிற மக்கள் அறியச் செய்வது மற்றொன்று; பிற மக்களை அமெரிக்கர் அறிந்துகொள்வது இன்னொன்று. மூன்றில் இரண்டு அறிதலைப் பற்றியவை. கற்றுக்கொள்ளச் செல்கிறேன் என்று ஒப்புக்கொள்பவனிடம் பொய்யில்லை. தான் பெற்றதை மறைத்து, கொடுத்ததை மட்டும் கணக்கிடுபவனிடமே பொய் குடிகொள்கிறது. அயல்நாட்டில் உண்ட ஒவ்வொரு பிடிச் சோறும், கற்ற ஒவ்வொரு சொல்லும் அவன்மீது ஏறிய கடன். அக்கடனை உணர்ந்தவனுக்குக் கொடுப்பவன் என்னும் செருக்கு எழாது.

இத்தொண்டின் தகுதியை அறியச் சில அடையாளங்கள் உண்டு. அம்மக்களின் மொழியைக் கற்கும் பொறுமை தொண்டனுக்கு இருக்கிறதா? தன் திட்டம் மறுக்கப்பட்டால் சினவாமல் ஏற்கும் உள்ளம் இருக்கிறதா? தான் நீங்கியபின் அப்பணியை அவ்வூராரே நடத்த வழி செய்கிறானா? அனுப்பும் அமைப்புகளுக்கும் இது பொருந்தும். பள்ளி முடித்த பதினெட்டு வயதினரோடு தொடங்கிய பிரிட்டிஷ் இயக்கம், 1980க்குள் தேர்ச்சி பெற்றோரை மட்டுமே அனுப்பும் நிலைக்கு மாறியது. மலேசியாவில் சொந்த ஆசிரியர்கள் பெருகினர். 1983இல் அமைதிப் படையினரின் பணி முடிவுற்றது. இனி நாங்களே பார்த்துக்கொள்வோம் என்று ஒரு நாடு கூறும் நாள் தொண்டின் தோல்வி நாளன்று. அது அதன் அறுவடை நாள். அன்று உதவி பெற்ற வட்டாரமே பின்னர் உதவும் வட்டாரமும் ஆயிற்று. 1991இல் தோன்றிய சிங்கப்பூர் அனைத்துலக அறநிறுவனம் அயல்நாடுகளுக்குத் தொண்டர்களை அனுப்பத் தொடங்கியது.

இச்சிந்தனை விமானம் ஏறுவோர்க்கு மட்டும் உரியதன்று. பட்டணத்தில் பிறந்து, பயிற்சிக் கல்லூரியில் தேறி, தோட்டப் பள்ளிக்கு மாற்றப்படும் இளம் ஆசிரியரும் ஒருவகையில் அயல்நாட்டுத் தொண்டரே. விடியுமுன் பால்வெட்டச் செல்லும் பெற்றோரின் பிள்ளை வகுப்பில் கண் அயர்ந்தால், அதைச் சோம்பல் என்று எழுதுவதா, வீட்டு நிலையைக் கேட்டு அறிவதா? 'புரிந்ததா?' என்று வினவியவுடன் நாற்பது தலைகள் அசைகின்றன. அவற்றுள் எத்தனை தலைகள் 'இல்லை' என்று சொல்ல அஞ்சி அசைந்தவை? அதனைக் கண்டறியாத ஆசிரியர் பாடத்தை நடத்தி முடிக்கலாம், கற்பித்தவர் ஆகார்.

தொண்டு செய்ய எழும் இளைஞரின் ஆர்வம் நாட்டின் செல்வம். அதனை அணைத்துவிடுதல் அறமன்று. புறப்படுமுன் அவர்கள் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு. அங்கே என்ன கொடுக்கலாம் என்பது பின்னால் வரட்டும். யான் கொடுப்பதை மறுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டா? அவர்கள் மறுத்தால் அது எனக்குக் கேட்குமா? இவ்வினாவுக்கு விடை தேடிச் செல்பவன் எந்த நாட்டில் கால் வைத்தாலும் அந்நாட்டுக்குச் சுமை ஆகான்.