செங்கோலும் திருமறையும்

ஆள்வோர்க்கு அடங்கி நடத்தல் அறமா, அன்றி அறத்தின்பொருட்டு அவர்தம் ஆணையை மறுத்தல் அறமா என்னும் வினா மிகப் பழையது. சமயம் சார்ந்து வாழ்வோர்க்கு அது மேலும் கடினமாகின்றது. கடவுளின் பெயரால் கீழ்ப்படியச் சொல்வோரும், அதே பெயரால் எதிர்த்து நிற்போரும் ஒரே திருமறையையே கையில் ஏந்துகின்றனர். இவ்விருவருள் அதனை முழுமையாகப் படித்தவர் யார்? கிறிஸ்தவ உலகில் இவ்வினா கூர்மையாக எழுந்த ஒரு நாட்டின் வரலாற்றைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

புனித பவுல் உரோமாபுரிச் சபைக்கு எழுதிய நிருபத்தின் 13ஆம் அதிகாரம், எல்லா அதிகாரமும் இறைவனிடமிருந்தே வருவதால் அதற்கு அடங்கி நடக்க வேண்டுமென்று பணிக்கிறது. காலந்தோறும் ஆட்சியாளர் இப்பகுதியை விரும்பி எடுத்தாண்டதில் வியப்பில்லை. ஆயின், அதே பகுதி ஆள்பவனை இறைவனின் ஊழியன் என்றும், மக்களின் நன்மைக்காகவே அமர்த்தப்பட்டவன் என்றும் கூறுகிறது. ஊழியன் என்றவுடனே அவனுக்கும் மேலே ஓர் எசமானன் உண்டு என்பது பெறப்படும். திருமறையின் இறுதி நூலாகிய வெளிப்பாட்டின் 13ஆம் அதிகாரமோ, தன்னையே வணங்கச் சொல்லும் அதிகாரத்தைக் கடலிலிருந்து எழும் கொடு விலங்காகவே காட்டுகிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்பவரே திருமறையைப் படித்தவராவர்.

கோப்புகளோடு நாளைக் கழிக்கும் நம்மனோர்க்கு இது எளிதில் விளங்கும். விதியொன்றை எடுத்துக்காட்டி, அதனடியில் ‘ஆயினும்’ என்று தொடங்கும் வரம்பினை விட்டுவிட்டுக் குறிப்பெழுதுதல் எளிது. கையொப்பமும் விரைவில் கிடைத்துவிடும். அக்குறிப்பில் எழுதியது பொய்யன்று. எழுதாது விட்டதே பொய். தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்ததும் இதுவே.

அங்கு வெள்ளையரின் பெருஞ்சபையாக விளங்கிய டச்சுச் சீர்திருத்தச் சபை, 1857இல் கூடிய பேரவையில், வேற்று நிறத்தாருடன் அமர்ந்து வழிபட மனமில்லாத சிலரின் பலவீனத்தை முன்னிட்டு, தனி வழிபாட்டிற்கு இசைவு தந்தது. அன்று அது விதிவிலக்கு. பின்னர் வழக்கமாயிற்று, வழக்கம் நாளடைவில் கோட்பாடாயிற்று. 1948இல் இனஒதுக்கலைக் கொள்கையாகக் கொண்ட கட்சி ஆட்சியைப் பிடித்தபொழுது தலைமை அமைச்சராக அமர்ந்த மலான் என்பார், முன்பு அச்சபையின் போதகராகவே இருந்தவர். பலவீனத்திற்குக் காட்டிய இரக்கம் ஒரு நூற்றாண்டிற்குள் சட்டமாகவே மாறிவிட்டதைக் காண்கிறோம். தீமை பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. வாயிற்கதவை உடைத்துக்கொண்டு வருவதில்லை.

1960 மார்ச் 21ஆம் நாள், அனுமதிச்சீட்டுச் சட்டத்தை எதிர்த்து ஷார்ப்வில் என்னுமிடத்தில் திரண்ட கறுப்பின மக்களைக் காவலர் சுட்டதில் 69 பேர் மாண்டனர். அவ்வாண்டின் இறுதியில் காட்டஸ்லோவில் கூடிய சபைத் தலைவர்கள், இனஒதுக்கலின் கூறுகள் பலவற்றை ஏற்க இயலாதென அறிவித்தனர். தலைமை அமைச்சர் வெர்வூர்ட் சினந்தார். சீர்திருத்தச் சபைப் பேரவைகள் தம் சார்பாளர் ஒப்பிய முடிவையே கைவிட்டன. அவர்களுள் பேயர்ஸ் நவுடே என்னும் போதகர் மட்டும் தாம் ஒப்பியதிலிருந்து பின்வாங்க மறுத்தார். ஆளும் வர்க்கத்தின் இரகசியச் சங்கத்தில் உறுப்பினராயிருந்தவர் அவர். உயர் பதவிகள் அவரை எதிர்நோக்கியிருந்தன. 1963இல், மனிதருக்குக் கீழ்ப்படிவதினும் தேவனுக்குக் கீழ்ப்படிதலே முதற்கடமை என்னும் அப்போஸ்தலர் வாக்கைப் பொருளாகக் கொண்டு தம் சபையாருக்குப் பிரசங்கம் செய்து, பிரசங்க பீடத்தை விட்டிறங்கினார். 1977 முதல் 1984 வரை அரசு அவர்மீது தடையாணை விதித்தது. அவர் சொல்லை அச்சிடுதலும் குற்றமாயிற்று.

சபை அரசியலில் தலையிடலாமா என்று வினவுவோர் உளர். ஆளுக்கோர் ஆணையை மறுத்தால் நாடு என்னாவது என்று அஞ்சுவோரும் உளர். இவ்வச்சத்தை எளிதாகத் தள்ளிவிடுதற்கில்லை. ஒழுங்கின்மையால் முதலில் நசுங்குவோர் எளியோரே. ஆகவே, மறுப்பவனை உரைத்துப் பார்க்க ஓர் உரைகல் வேண்டும். தன் சொல்லால் அவன் எதை அடைகிறான், எதை இழக்கிறான் என்பதே அவ்வுரைகல். நவுடே எவரையும் தாக்கவில்லை. பதவி எதையும் கேட்கவில்லை. தண்டனைக்குத் தப்பி ஓடவுமில்லை. அவரை எதிர்த்த சபைத் தலைவர்களோ ‘அரசியல் வேண்டா’ என்று சொல்லிக்கொண்டே ஆட்சியாளரின் அரசியலைத் தாங்கி நின்றனர்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. 1975இல் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டுப் பத்திரிகைகள் தணிக்கைக்குள்ளான காலத்தில், மார்த்தோமா சபையின் தலைவராயிருந்த யூஹானோன் மார்த்தோமா மெத்ராப்போலீத்தா, அதனை விலக்கிக்கொள்ள வேண்டிப் பிரதமர் இந்திரா காந்திக்குக் கடிதம் எழுதினார். கூட்டமும் முழக்கமுமின்றி, ஆள்வோர்க்கு நேரே சொன்ன சொல் அது. தாவீது அரசனின் முன் நின்று அவன் குற்றத்தை அவனுக்கே உணர்த்திய நாத்தான் தீர்க்கதரிசியின் மரபு இதுவே.

தேர்தல் காலங்களில் வேட்பாளர் சபைத் தலைவர்களின் இல்லம் நாடி வாழ்த்துப் பெறுதல் எங்கும் காணும் காட்சி. மந்தையின் வாக்குகளை விலைபேசும் மேய்ப்பன், ஆள்வோன் தவறும்பொழுது இடித்துரைக்கும் குரலை அன்றே விற்றுவிடுகிறான். விலைக்கு வாங்கியவர் ஆளுங்கட்சியாரா, எதிர்க்கட்சியாரா என்பதனால் வேறுபாடில்லை. இது கிறிஸ்தவர்க்கு மட்டும் உரிய பாடமுமன்று. செங்கோன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், அதனையடுத்துக் கொடுங்கோன்மைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஒன்றை ஓதி மற்றதை மறைப்பவர் எச்சமயத்தவராயினும் குறையாகக் கற்றவரே.

1990 நவம்பரில் ரஸ்டன்பர்க் நகரில் சபைகள் கூடியபொழுது, சீர்திருத்தச் சபையின் இறையியல் பேராசிரியர் வில்லி யோங்கர் எழுந்து, தம் குற்றத்தையும் தம் சபையின் குற்றத்தையும் அறிக்கையிட்டார். கறுப்பினப் பேராயர் டுட்டு அதனை ஏற்றுக்கொண்டார். நவுடே பீடத்தை விட்டிறங்கி அப்போது 27 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்விடைக்காலத்தில் சிறைப்பட்டோரும் உயிரிழந்தோரும் அந்தத் தாமதத்திற்கு விலை கொடுத்தவர்கள். உண்மையை உரிய காலத்தில் சொல்லும் பொறுப்பு மேய்ப்பர்க்கு உண்டு. அவர்கள் பாதியில் நிறுத்தினால் மீதியைப் படித்துக் கேட்கும் பொறுப்பு மந்தைக்கும் உண்டு.