கொள்ளும் மரக்கால், கொடுக்கும் மரக்கால்



தருமபுரியில் வாழும் நமக்கு ஒகேனக்கல் தொலைவில் உள்ள ஊர் அன்று. காவிரி பாறைகளினின்று வீழ்ந்து புகையெனத் திவலைகளை எழுப்பும் அவ்விடத்தின் பெயரே கன்னடச் சொற்களால் ஆனது. புகையும் கல் என்பது அதன் பொருள். அங்கே ஒரு கரை நம்முடைய மாவட்டம். மறு கரை கர்நாடகத்தின் சாமராசநகர் மாவட்டம். இவ்வூர் தகடூர் என வழங்கிய ஒன்பதாம் நூற்றாண்டில், நுளம்ப மன்னர் ஆட்சியில் இங்கு ஜினாலயம் விளங்கியதைக் கூறும் கல்வெட்டின் மொழியும் கன்னடமே. எல்லைக்கோடு மனிதர் வகுத்தது. நீர் அதனை அறியாது. நீரையே உடலாகக் கொண்ட ஜீவன்களும் அதனை அறியா.

எனினும் கோடு இருக்கிறது. கோட்டிற்கு இருபுறமும் பசியுள்ள மக்கள் இருக்கின்றனர். எல்லை கடந்து வரும் நீரையும் காற்றையும் குறித்து அரசுகள் பேசும்போது, எது நடுவுநிலை? அரசியலார்க்கு உரிய இவ்வினாவைச் சமயச் சொற்பொழிவில் எழுப்புவானேன் என்று சிலர் எண்ணலாம். விடை நம் அணுவிரதங்களுள் ஒன்றில் இருப்பதாலேயே எழுப்புகிறேன்.

கள்ளாமை என்றவுடன் பிறர் வீட்டுப் பூட்டை உடைப்பவனையே நாம் நினைக்கிறோம். தத்துவார்த்த சூத்திரமோ அவ்விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைச் சுட்டும்போது, கூட்டியும் குறைத்தும் அளக்கும் அளவைகளைக் கையாளுதலையும் அவற்றுள் ஒன்றாக வைத்துள்ளது. ஒரு வணிகன் இரண்டு மரக்கால் வைத்திருக்கிறான். நெல்லைக் கொள்ளும்போது பெரியதை எடுக்கிறான். கொடுக்கும்போது சிறியதை எடுக்கிறான். எவர் வீட்டுப் பூட்டையும் அவன் உடைக்கவில்லை. ஆயினும் அவன் விரதம் பழுதுபட்டுவிட்டது. இந்த இரண்டு மரக்கால் கடையில் மட்டும் இருப்பதில்லை. என் தேவையை ஒன்றாலும் அயலான் தேவையை மற்றொன்றாலும் அளக்கும் நெஞ்சிலும் அவை இருக்கின்றன.

காவிரி வழக்கை இவ்வகையில் நோக்குவோம். 1892ஆம் ஆண்டிலும் 1924ஆம் ஆண்டிலும் சென்னை மாகாணத்திற்கும் மைசூர் சமஸ்தானத்திற்கும் உடன்பாடுகள் ஏற்பட்டன. சென்னையை ஆங்கிலேயர் நேரே ஆண்டனர். மைசூர் அவர்களுக்குக் கீழ்ப்பட்ட சமஸ்தானம். சென்னையின் இசைவின்றி மேற்பகுதியில் புதிய பாசனப் பணிகளைத் தொடங்கலாகாது என்ற கட்டு இருந்தது. வலியோர் எழுத எளியோர் ஒப்பமிட்ட உடன்பாடு என்பது கர்நாடக உழவரின் குறை. இஃது ஒரு நயம்.

கல்லணை எழுந்த காலந்தொட்டுக் காவிரியை நம்பியே குறுவையும் சம்பாவும் பயிரிட்டு வருவோர் தஞ்சை உழவர். மேலே அணைகள் பெருகியபோது, தலைமுறை தலைமுறையாக வந்த நீர் தம் கண்முன்னே சுருங்கியது என்பது அவர்தம் குறை. இதுவும் ஒரு நயம்.

ஒவ்வொரு நயமும் தன் அளவில் உண்மையுடையது. மற்றதை இல்லை என்று மறுக்கும்போதே அது துர்நயம் ஆகிறது. அநேகாந்தம் என்பது இருவரும் சரி என்று கூறி எழுந்து போவதன்று. நீரைச் சரிபாதியாக வெட்டுவதும் அன்று. ஒவ்வொரு பக்கத்தையும் முழுமையாகக் கேட்டபின், இருவருக்கும் ஒரே மரக்காலால் அளப்பதே அநேகாந்தம்.

அவ்வாறு அளக்க நெடுங்காலம் ஆயிற்று. 1924 உடன்பாட்டின் 50 ஆண்டுகள் நிறைந்த 1974க்குப் பின் பூசல் முற்றியது. 1990இல் நடுவர் மன்றம் அமைந்தது. 2007 பிப்ரவரியில் இறுதித் தீர்ப்பு வந்தது. ஆற்றின் நீர் 740 டி.எம்.சி. எனக் கணித்து, தமிழ்நாட்டிற்கு 419, கர்நாடகத்திற்கு 270, கேரளத்திற்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பகிர்ந்தனர். எஞ்சிய 14 டி.எம்.சி. சுற்றுச்சூழலுக்கும், கடலுக்குத் தவிர்க்கவியலாது சென்று சேர்வதற்கும் என ஒதுக்கப்பட்டது. வழக்காட வாயில்லாத உயிர்களுக்கும் அக்கணக்கில் ஓர் இடம் கிடைத்தது கண்டு அகிம்சை நெறியினராகிய நாம் மகிழலாம்.

2018 பிப்ரவரி 16ஆம் நாள் உச்சநீதிமன்றம் அப்பங்கைத் திருத்தியது. தமிழ்நாட்டின் பங்கு 404.25 ஆயிற்று, கர்நாடகத்தின் பங்கு 284.75 ஆயிற்று. தமிழ்நாட்டின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யும், பெங்களூரின் குடிநீர்த் தேவைக்காக 4.75 டி.எம்.சி.யும் கணக்கில் கொள்ளப்பட்டன.

அந்நாட்களில் நான் சிரவணபெளகுளத்தில் இருந்தேன். பகவான் பாகுபலிக்கு 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் மகாமஸ்தகாபிஷேக விழா நடைபெற்றுக் கொண்டிருந்தது. மலைப்படிகளில் மண்டியப் பக்கத்துச் சிராவகர் ஒருவர் எனக்குத் துணையாக ஏறி வந்தார். தீர்ப்புச் செய்தியை எண்ணி என் முகம் வாடியிருந்தது. அவர் முகம் மலர்ந்திருந்தது. அடக்க மாட்டாமல், “உங்களுக்குத்தான் அணை நிறைய நீர் இருக்கிறதே, இன்னும் வேண்டுமா?” என்று கேட்டுவிட்டேன். அவர் சினம் கொள்ளவில்லை. “பெரியவரே, இரண்டு ஆண்டுகளுக்கு முன் அணை நீர் குடிப்பதற்கு மட்டும் என்று நிறுத்திவிட்டார்கள். எங்கள் வாய்க்காலில் நீர் வரவில்லை. அதைத் தாங்கள் அறிவீர்களா?” என்றார். நான் அறியேன். பின்பு நான் டெல்டாவில் சம்பா கருகியதையும், நிலமிழந்தவர் போல உழவர் திகைத்து நின்றதையும் கூறினேன். அவரும் அதனை அறிந்திருக்கவில்லை. ஒரே அறத்தைப் பின்பற்றும் இருவர், ஒரே ஆற்றின் நீரை உண்போர், ஒருவர் துன்பத்தை ஒருவர் அறியாமலே வாழ்ந்திருந்தோம். என் பையில் இரண்டு மரக்கால் இருந்ததை அன்றுதான் கண்டேன்.

நாங்கள் ஏறிச் சென்று வணங்கிய திருவடியின் அருகில், அத்திருவுருவைச் செய்வித்தவன் சாமுண்டராயன் என்ற செய்தி கன்னடத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது. அத்திருவுருவுக்கு உரியவரின் வரலாறே நம் பொருளுக்கு ஏற்ற பாடம். பரத சக்கரவர்த்திக்கும் பாகுபலிக்கும் போர் மூண்டபோது, படைவீரர் மடிய வேண்டா என்று அமைச்சர்கள் தடுத்தனர். கண்ணிமையாது நோக்கல், நீர்ப்போர், மற்போர் ஆகிய மூன்றால் உடன்பிறந்தார் இருவருமே தீர்த்துக்கொள்வதென முடிவாயிற்று. அளவுகோல் எது என்று முன்னரே இருவரும் ஒப்பினர். மூன்றிலும் பாகுபலியே வென்றார். தோற்ற பரதன் தாங்க மாட்டாமல் சக்கரத்தை ஏவினான். அது பாகுபலியை வலம் வந்து நின்றது. தோல்வி பரதனுக்கு இழிவு தரவில்லை. ஒப்பிய அளவைத் தோற்றபின் மறுத்ததே இழிவு தந்தது.

1991இல் இடைக்காலத் தீர்ப்பு வந்தபின் பெங்களூரில் தமிழர் வீடுகள் எரிந்தன. 2016இலும் அங்கே தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்தன. இங்கே கன்னடர் கடைகள் தாக்கப்பட்டன. அவையெல்லாம் சக்கரத்தை ஏவிய செயல்களே. எரிந்த வீட்டில் ஒரு துளி நீரும் ஊறவில்லை.

இனி, ஒகேனக்கலுக்கு மேலே எல்லையில் பிலிகுண்டுலு என்னும் இடம் உண்டு. கர்நாடகத்திலிருந்து வரும் நீர் அங்கேதான் அளக்கப்படுகிறது. ஓர் இயல்பான ஆண்டில் அவ்விடத்தில் 177.25 டி.எம்.சி. வந்து சேர வேண்டும் என்பது 2018 தீர்ப்பு. அங்கே அளப்பது கர்நாடகம் அன்று, தமிழ்நாடும் அன்று. மத்திய நீர் ஆணையம் அளக்கிறது. இருவருக்கும் பொதுவான மரக்கால் அஃது. மழை பொய்த்த ஆண்டில் பற்றாக்குறையையும் பங்கின் விகிதப்படியே இருவரும் ஏற்க வேண்டும் என்பதே நெறி. மிகுதியில் பங்கு கேட்பவன் குறைவிலும் பங்கு ஏற்றல் வேண்டும். 2023இல் மழை குறைந்தபோது மீண்டும் பூசல் எழுந்தது உண்மையே. ஆயினும் அளவு இன்னது என்ற வழக்கு முடிந்து, அதனைக் கடைப்பிடிக்கும் மனம் உண்டா என்ற வினாவே எஞ்சி நிற்கிறது.

அன்பர்களே! இதுகாறும் கீழே இருப்பவர் என்ற நிலையில் பேசினோம். மற்றோர் ஆற்றைக் காண்போம். தென்பெண்ணை நந்தி மலைப் பகுதியில் தோன்றி, பெங்களூரின் புறநகர்களைக் கடந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. சாக்கடை நீரும் ஆலைக் கழிவும் கலப்பதால் அங்கே வெண்ணுரை மலைபோல் எழும் காட்சியை நாம் கண்டிருக்கிறோம். இங்கே இரு நயங்களைச் சமன் செய்ய வேண்டிய தேவை இல்லை. தாகத்திற்கு நீர் கேட்பவனுக்கு உரிமை உண்டு; அயலான் குடிநீரில் கழிவைக் கலக்க எவருக்கும் உரிமை இல்லை. நடுவுநிலை என்பது குற்றத்தைக் குற்றம் என்று கூறத் தயங்குவதன்று.

ஆனால் அந்த ஆறு நம்மோடு நின்றுவிடுவதில்லை. கிருஷ்ணகிரி அணையையும் நம் மாவட்டத்தையும் கடந்து சாத்தனூருக்கும், பின் கடலூர்க் கடலுக்கும் செல்கிறது. பெங்களூருக்கு நாம் கீழே. சாத்தனூருக்கு நாம் மேலே. பெங்களூரை நோக்கி நீட்டிய விரலை நம் ஊர்ச் சாக்கடையின் பக்கம் திருப்பினால் என்ன காண்போம்? வடிகட்டாத நீரைப் பருகலாகாது என்று நோன்பு காக்கும் நாம், நம் பட்டறையின் எண்ணெய்க் கழிவை ஓடையில் விடலாமா? மேலே இருப்பவன் ஆகும்போது நம் கையில் எந்த மரக்கால் இருக்கிறது என்பதே சோதனை.

உலகப் பேச்சுகளிலும் இதே வினாதான். 1992இல் ரியோ நகரில் நாடுகள் கூடிக் காலநிலை குறித்து உடன்படிக்கை கண்டபோது, பொறுப்பு எல்லோர்க்கும் பொது, ஆயினும் அளவில் வேறு என்ற நெறியை ஏற்றன. இரு நூற்றாண்டுகளாகக் கரியை எரித்துச் செழித்த நாடும், நேற்று விளக்கேற்றிய நாடும் ஒரே சுமையைத் தாங்க இயலாதன்றோ! இன்றும் சராசரி அமெரிக்கர் ஒருவர் ஆண்டிற்கு ஏறத்தாழ 14 டன் கரியமில வாயுவை வெளியிடுகிறார். இந்தியர் ஒருவர் ஏறத்தாழ 2 டன். அதன் பயனாகக் கடல் உயரும்போது முதலில் துன்புறுவது மாலத்தீவு போன்ற தாழ்ந்த தீவுகளே. இழப்புக்கு ஈடு செய்யும் நிதியம் ஒன்று வேண்டும் என்று 2022இல்தான் எகிப்தில் கூடிய மாநாடு ஒப்பியது.

தலைக்கு எவ்வளவு என்று கணக்கிடுக எனப் பாரதம் உலக அவையில் கேட்பது நியாயமே. அந்த மரக்காலை வீட்டிற்குள்ளும் கொண்டுவருதல் வேண்டும். குளிரூட்டிய மூன்று அறைகளும் இரண்டு கார்களும் உடைய செல்வரும், பென்னாகரம் மலையில் விறகடுப்பு ஊதும் தாயும் சேர்ந்ததே அந்த 2 டன் சராசரி. ஏழையின் குறைந்த அளவைக் காட்டி உலகிடம் சலுகை பெற்று, அதனைச் செல்வர் துய்ப்பரேல், அங்கும் இரண்டு மரக்கால் வந்துவிடுகிறது. மிகுபொருள் விரும்பாமை என்ற விரதம் இவ்விடத்தில் கள்ளாமைக்குத் துணையாகிறது. தன் நுகர்வுக்குத் தானே எல்லை வகுத்தவன், பிறருக்கு எல்லை வகுக்கும் அவையில் நாணாமல் அமரலாம்.

நம் மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்து, பல் கறுத்தும் எலும்பு வளைந்தும் துன்புற்றோர் பலர். 2013இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரை நம் வீடுகளுக்குக் கொணர்ந்தது. அத்திட்டத்திற்குக் கர்நாடகத்தில் எதிர்ப்பு எழுந்தபோது, நம் குழந்தைகளின் துன்பத்தை அவர்கள் அறியவில்லையே என வருந்தினோம். அவ்வாறே மண்டியத்தின் வறண்ட வாய்க்காலை நாமும் அறியவில்லை. குழாயைத் திறக்கும்போதெல்லாம் இதனை நினைத்தல் வேண்டும்.

ஆதலின் உங்களிடம் ஒன்று வேண்டுகிறேன். ஆற்று நீரைக் குறித்துப் பேச வாய் திறக்குமுன், எதிர்ப்பக்கத்தாரின் தேவையை, அவரே கேட்டாலும் ஆம் என்று ஒப்பும் வகையில், முதலில் எடுத்துரையுங்கள். அதன்பின் நம் உரிமையை உறுதியாகக் கேளுங்கள். உரிமையைக் கைவிடுதல் அறமன்று. அளவை மாற்றுதலே அறமன்மை.

சிரவணபெளகுளத்தில் கண்ட அந்த அன்பருக்கு, தசலட்சணப் பருவத்தின் முடிவில் மன்னிப்பு வேண்டும் நாளில், ஆண்டுதோறும் மடல் எழுதி வருகிறேன். உங்கள் வாய்க்காலில் இவ்வாண்டு நீர் வந்ததா என்பதே என் முதல் கேள்வி. குறுவை எப்படி என்பதே அவர் மறுமொழியின் முதல் வரி. பங்கில் ஒரு டி.எம்.சி.யும் இதனால் மாறிவிடவில்லை. ஆனால் எங்கள் இருவர் கையிலும் இப்போது ஒரே மரக்கால் இருக்கிறது.

அறம் வளர்க! எவ்வுயிரும் இன்புறுக!